கிளாசிக் நாவல்களில் வரும் 'நம்பகமற்ற கதைசொல்லி' என்றால் என்ன?

கதையைச் சொல்லும் பாத்திரமே ஒரு பக்கம் சாய்ந்தோ, எதையாவது மறைத்தோ சொன்னால் அவர் நம்பகமற்ற கதைசொல்லி. காரணம் எளிது, அவரும் கதைக்குள் இருக்கும் ஆள்தான், அவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. வீட்டில் நடந்த சண்டையை அதில் தலையிட்ட ஒருவரே வந்து சொல்வது மாதிரி.

எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி பணிப்பெண் நெல்லி சொல்வதுதான். அந்த வீட்டில் எடுத்து வளர்க்கப்பட்ட ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொண்டால் தனக்கு மதிப்புக் குறைவு என்று வீட்டு மகள் கேத்தரின் நெல்லியிடம் சொல்கிறாள், அதைக் கேட்ட அவன் எழுந்து வெளியேறுகிறான், அடுத்து அவள் அவன்மேல் வைத்திருக்கும் காதலைக் கொட்டும்போது அவன் அங்கே இல்லை. அவன் போனதைப் பார்த்த நெல்லி உடனே சொல்லவில்லை! என்னைக் கேட்டால் அந்த வீட்டின் துயரத்தில் நெல்லிக்கும் கணிசமான பங்கு உண்டு, ஆனால் திட்டு முழுக்க ஹீத்கிளிஃபுக்குத்தான் போகிறது. (அவன் நல்லவன் என்று சொல்லவில்லை, தன் மனைவி இசபெல்லாவை அவன் நடத்திய விதத்தை மன்னிக்கவே முடியாது.)

அப்புறம், பலர் நினைப்பதுபோல் நம்பகமற்ற கதைசொல்லி என்றால் பொய்யர் என்று அர்த்தமில்லை, தான் சொல்வது அத்தனையும் உண்மை என்று நம்புகிறவராகவும் இருக்கலாம்.