மாணவர்கள் தரும் ஃபீட்பேக்கை வைத்துக் கல்லூரி ஆசிரியரின் தரத்தை முடிவு செய்யலாமா?

கேள்விக்குக் கீழே உங்கள் கதையையும் இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஃபீட்பேக்கில் ஐந்துக்குச் சராசரி 3.6, துறையில் கடைசி இடம், இந்த வருட இன்க்ரிமென்ட் போச்சு. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் துறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் சொந்த எரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மிக மோசமான மதிப்பெண் 3.4. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், எஸ்.ஓ.எம். பாடத்துக்கு வாங்கியது. மெக்கானிக்கல், சிவில் படிக்காதவர்களுக்காக: எஸ்.ஓ.எம். என்றால் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். ஒரு கம்பியை இழுத்தால், வளைத்தால், முறுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் பாடம். அந்த வருடம் நான் நோட்ஸ் கொடுக்கவில்லை. ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்து முறுக்கச் சொல்வேன். அது நேராக முறியாமல் 45 பாகையில் சாய்வாகச் சுற்றி முறியும். ஏன் அப்படி முறிந்தது என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நிற்பேன். பாரம் ஏற்றிய பீமில் (உத்தரத்தில்) எந்த இடத்தில் வளைக்கும் தாக்கம் எவ்வளவு என்று காட்டும் பெண்டிங் மொமென்ட் படத்தைப் பையன்களைக் கூப்பிட்டுப் போர்டில் வரைய வைப்பேன். தப்பாக வரைந்தால் அங்கேயே நிறுத்தி, வகுப்பையே திருத்தச் சொல்வேன். வந்த கருத்துகள்: 'சார் நோட்ஸ் தரமாட்டார்', 'எல்லாத்தையும் எங்களையே செய்யச் சொல்றார்', 'யூனிவர்சிட்டி கொஸ்டின் போடவே இல்லை'.

துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருடம் நான் திருந்திவிட்டேன். கொஸ்டின் பேங்க் ஒன்று தயார் செய்து, இரண்டு மார்க் கேள்விகளுக்கு விடையை வரிவரியாகச் சொல்லி எழுத வைத்து, பழைய ஐந்து வருட வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த கணக்குகளை மட்டும் போட்டுக் காட்டினேன். ஃபீட்பேக் 4.5. தேர்ச்சி சதவீதமும் ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அதற்கும் அடுத்த வருடம், எஸ்.ஓ.எம்.-ஐ வைத்து இயந்திர உறுப்புகளை வடிவமைக்கச் சொல்லித்தரும் அடுத்த பாடமான மெஷின் எலிமென்ட்ஸ் டிசைன் எடுக்கும் நண்பர் டீக்கடையில் கேட்டார்: "என்ன சார், உங்க போன பேட்ச் பரவாயில்ல, கேட்டா ஏதோ யோசிச்சாவது சொல்வாங்க. இந்த பேட்சுக்கு ஒரு பீமைக் கொடுத்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." போன பேட்ச் எனக்கு 3.4 போட்டவர்கள். இந்த பேட்ச் 4.5.

இது என் ஒருவன் அனுபவம்தானே என்று தள்ளிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அமெரிக்க விமானப்படை அகாதமியில் ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் செய்த வேலையைப் படிக்கும்வரை. 2010-ல் வெளியானது. அந்த அகாதமியில் யாருக்கு எந்த ஆசிரியர் என்பதைக் குலுக்கல் மாதிரிதான் ஒதுக்குவார்கள், மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே தேர்வு. அடுத்தடுத்த பாடங்களும் கட்டாயம். ஆய்வுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். கால்குலஸ் (நுண்கணிதம்) முதல் பாடத்தில் எந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் நல்ல மார்க் வாங்கினார்களோ, அந்த ஆசிரியருக்கு ஃபீட்பேக்கும் நன்றாக இருந்தது. ஆனால் அதே மாணவர்கள் அடுத்த நிலைக் கணக்குப் பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். அனுபவமும் படிப்பும் கூடிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் முதல் பாடத்தில் கொஞ்சம் திணறி, ஃபீட்பேக்கும் குறைவாகப் போட்டு, பின்னால் நன்றாகச் செய்தார்கள். என் டீக்கடைக் கதையைப் பெரிய அளவில் யாரோ எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது.

இதில் மாணவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கற்றுக்கொள்ளும்போது திணறல் வரும். திணறும்போது 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்றுதான் மனசுக்குத் தோன்றும். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் இதையே சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவு அழகான விரிவுரை கேட்டது, இன்னொரு பிரிவு குழுவாகக் கணக்குப் போட்டது. தேர்வில் கணக்குப் போட்டவர்கள்தான் முந்தினார்கள். ஆனால் 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்று சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள். சரளமாகப் பேசுபவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வரும். பட்டிமன்றம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, என்ன பேசினார்கள் என்று யோசித்தால் ஒன்றுமே நினைவில் இருக்காதே, அது போல.

அந்த நிறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1970-களின் டாக்டர் ஃபாக்ஸ் சோதனை. ஒரு நடிகரை 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் (கேம் தியரி) பயன் என்று ஒரு தலைப்பில் பேச வைத்தார்கள். உள்ளே சரக்கு கிடையாது. முன்னுக்குப் பின் முரண், புதிதாகக் கட்டிய சொற்கள், நடுநடுவே ஜோக். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கல்வியாளர்களும். நல்ல மார்க் போட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, அளக்கும் விதத்துக்கு வருவோம். 60 பேர் வகுப்பு. எல்லோரும் 4 போட்டால் சராசரி 4.0. அதில் மூன்று பேர், அட்டென்டன்ஸ் பிரச்சினையில் உங்கள் மேல் கடுப்பில் இருப்பவர்கள், 1 போட்டால் 3.85. ஆசிரியர்கள் எல்லோரும் 3.8-க்கும் 4.2-க்கும் நடுவில் நெருக்கி நிற்கும் துறையில் இந்த 0.15 உங்களை நடுவிலிருந்து கடைசிக்குப் பக்கத்தில் தள்ளிவிடும். இரண்டாவது தசம இடம் வரைக்கும் ரேங்க் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டும் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். பொறியியல் படித்தவர்கள் செய்கிற காரியம் இது. லேபில் இதே மாதிரி பிழை எல்லையைப் பார்க்காமல் ரீடிங் எழுதினால் ரெக்கார்டைத் தூக்கி மேசையில் போட்டிருப்போம்.

அப்புறம், எடுக்கும் லட்சணம். கம்ப்யூட்டர் லேபுக்கு வகுப்பை மொத்தமாக அழைத்துப்போவார்கள். ரோல் நம்பர் போட்டு லாகின். பின்னால் கிளாஸ் அட்வைசர் நடந்துகொண்டிருப்பார். 'பேர் வெளியே தெரியாதுப்பா' என்பார்கள், இன்டர்னல் மார்க் அதே ஆசிரியர் கையில் இருக்கும்போது அதை யார் நம்புவது? பத்து ஆசிரியருக்கு ஆளுக்குப் பதினைந்து கேள்வி, மொத்தம் நூற்றைம்பது பொத்தான். பாதிப் பேர் மேலிருந்து கீழே ஒரே நேர்கோடாக 4, 4, 4 என்று அமுக்கிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஃபீட்பேக் நாளன்று வகுப்புக்கு பஃப்ஸ் வாங்கித் தந்த ஒரு சீனியரை நாங்கள் வருடக்கணக்கில் கிண்டல் செய்தோம். படிவம் நிரப்புவதற்கு முன்னால் சாக்லேட் கொடுத்தால் மதிப்பெண் ஏறுகிறது என்று 2007-லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அதில் சாக்லேட் கொடுத்தது ஆசிரியர்கூட இல்லை, சம்பந்தமே இல்லாத ஆள். பஃப்ஸ் வாங்கித் தந்த மனுஷன் விவரமானவர்தான்.

பெண் ஆசிரியர்கள் நிலைமை இதிலும் மோசம். கூட வேலை பார்த்த ஒரு மேடத்துக்கு வந்த கருத்துகளில் பாதி குரலைப் பற்றியும் உடையைப் பற்றியும். எனக்கு ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை. நான் ஒரே சட்டையை வாரத்தில் இரண்டு நாள் போட்டவன். அமெரிக்காவில் ஓர் ஆன்லைன் வகுப்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கு இரண்டு குழுக்களை எடுத்தார்கள், ஒன்றில் சொந்த அடையாளத்தோடு, இன்னொன்றில் மற்றவரின் பெயரோடு. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில்தான் திருத்திக் கொடுத்தார்கள். சீக்கிரம் திருத்தித் தந்தாரா என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. நாற்பத்துச் சொச்சம் மாணவர்களே கலந்துகொண்ட சிறிய சோதனைதான், 2015-ல் வந்தது. ஆனாலும் அந்த மேடத்தின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இதுபோன்ற ஆதாரங்களைப் பார்த்துத்தான் கனடாவின் டொராண்டோவில், அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில், 2018-ல் வில்லியம் கப்லான் என்ற நடுவர் ஒரு தீர்ப்பு சொன்னார்: பணி நிரந்தரம், பதவி உயர்வு முடிவுகளுக்கு, கற்பிக்கும் திறனின் அளவுகோலாக மாணவர் மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது. இங்கே போக்கு வேறு. பொறியியல் கல்லூரிகளை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2019-ல் கொண்டுவந்த மதிப்பீட்டு முறையில் 100 புள்ளியில் 25 மாணவர் ஃபீட்பேக்குக்கு. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டிலும் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அதனால் 'நான் இதை ஏற்க மாட்டேன்' என்று நீங்கள் வீறாப்பாக எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. ஒரே எண்ணாகச் சுருக்காமல், கேள்வி வாரியாக எத்தனை பேர் என்ன போட்டார்கள், மொத்தம் எத்தனை பேர் நிரப்பினார்கள் என்ற விவரத்தைக் கேளுங்கள். மூன்று வருட எண்களைச் சேர்த்து வைத்துப் பேசுங்கள். உங்களிடம் படித்தவர்கள் அடுத்த பாடத்தில் எப்படிச் செய்தார்கள் என்று எடுக்க முடிந்தால் எடுங்கள், அதுதான் வலுவான ஆதாரம்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். மாணவரிடம் கேட்கவே கூடாது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். நாக் கணக்கெடுப்பின் முதல் கேள்வி, வகுப்பில் பாடத்திட்டம் எவ்வளவு முடிக்கப்பட்டது என்பது. இதற்கு மாணவரைவிட நல்ல சாட்சி கிடையாது. அதற்கு அடுத்த கேள்வி, ஆசிரியர் எவ்வளவு நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்தார் என்பது. இது பையனுக்கு எப்படித் தெரியும்? ராத்திரி என் வீட்டுக்கு வந்து பார்த்தானா? வகுப்புக்கு நேரத்துக்கு வந்தாரா, குரல் கேட்டதா, விடைத்தாளைத் திருப்பித் தந்தாரா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தாரா. இவற்றைக் கேட்கலாம், பதிலை நம்பவும் செய்யலாம். எனக்கு 3.4 வந்த வருடத்தில்கூட நாலைந்து பேர் 'பின்பெஞ்சுக்குக் கேட்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். கோபத்தில் அதையும் சேர்த்துத் தூக்கி எறிந்தேன். அடுத்த வருடம் ஒரு நாள் தேர்வு மேற்பார்வைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஃபேன் போடும் சத்தத்தில், போர்டுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு ஆசிரியர் பேசியதில் பாதி காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு நான் கல்லூரி படிவத்துக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டேன். செமஸ்டர் முடிவில் வரும் கருத்தால் எழுதியவனுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, அவன் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான். அதனால் ஐந்தாவது வாரத்தில், கால் தாள் துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம், கிளாஸ் ரெப் வாங்கிக் கலைத்துத் தருவான். இரண்டே கேள்வி: எந்த இடத்தில் தொலைந்து போனீர்கள், நான் எதை நிறுத்த வேண்டும். மறுநாள் வகுப்பில் முதல் ஐந்து நிமிடம், எதை மாற்றப்போகிறேன், எதை மாற்ற மாட்டேன், ஏன் என்று சொல்லிவிடுவேன். நோட்ஸ் கேட்டு எப்போதும் இருபது சீட்டு வரும். அதற்கு மட்டும் மாட்டேன் என்பதுதான் பதில்.

அப்படி வந்த சீட்டுகளில் ஒன்றை இன்னும் பர்சில் வைத்திருக்கிறேன். 'சார் நீங்க புரியுதான்னு கேட்டா நாங்க எல்லாரும் தலையாட்டுவோம். அதனால கேக்காதீங்க.' மறுநாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டு, பாதி வரைந்த ஒரு பீமைப் போர்டில் விட்டு, மீதியை அவரவர் நோட்டில் முடிக்கச் சொல்லிவிட்டு வரிசைக்கு நடுவில் நடந்தேன்.