பத்துப் பெயர் கேட்ட டீச்சருக்கு

கேள்வி: ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். பணியில் சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியர்கள் தங்கள் தொழிலில் மேம்பட உதவும் புத்தகங்கள், ஆன்லைன் வகுப்புகள், செயலிகள் என எல்லாவற்றையும் பார்த்து ஒரு பட்டியல் தரும்படி தலைமை ஆசிரியர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சந்தா கட்டக் கொஞ்சம் பணமும் ஒதுக்கியிருக்கிறார். தேட உட்கார்ந்தால் இரண்டு இரவிலேயே நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எல்லாமே ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்கின்றன. எதை நம்புவது? நல்லதாகப் பத்துப் பெயர் சொல்லுங்களேன்.
– பெயர் வேண்டாம் என்று எழுதிய ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நாலைந்து பெயர் இந்தப் பதிலில் வரும். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் நாற்பது வளங்களைப் பற்றிப் பேச்சு இருக்கிறது, உங்கள் வகுப்பில் எது சரியாகப் போகவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. அது தெரியாமல் யார் எந்தப் பட்டியல் கொடுத்தாலும் அலமாரியில்தான் தூங்கும்.

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து ஒரே ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள்: 1/2 + 1/3. பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளைக் குவியல் குவியலாகப் பிரித்து வையுங்கள். 5/6 ஒரு குவியல். 2/5 ஒரு குவியல், அது அநேகமாக எல்லா வகுப்பிலும் இருக்கும். ஒன்றும் எழுதாத சீட்டு ஒரு குவியல். அந்த 2/5 குவியலைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு 1/2 என்பது ஒரு எண்ணாக இன்னும் படவில்லை, கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எண்களாகத்தான் படுகிறது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகுமா என்று கேளுங்கள், குறையாது என்று வாயால் சரியாகச் சொல்வார்கள், தாளில் மட்டும் 2/5 எழுதுவார்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது: பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்க இவர்களை எப்படிப் பழக்குவது? இதைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு அந்த நாற்பதையும் மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள். ‘21-ஆம் நூற்றாண்டுத் திறன்கள்’ பற்றிய வகுப்பு, ‘வகுப்பறையை உற்சாகமாக்க 101 வழிகள்’ மாதிரியான புத்தகம், எல்லாப் பாடத்துக்கும் பொதுவான வினாடி வினாச் செயலி, இவற்றில் பெரும்பாலானவை தானாக உதிர்ந்துவிடும். அவை மோசம் என்பதால் உதிரவில்லை, உங்கள் கேள்விக்கு அவற்றிடம் பதில் கிடையாது, அவ்வளவுதான். அறிவியல் ஆசிரியரின் கேள்வி வேறாக இருக்கும், அவருக்கு வேறு பத்து உதிரும்.

நான் வகுப்பெடுத்த காலத்தில் இப்படி யோசிக்காமல் ஒரு வினாடி வினாச் செயலிக்குச் சந்தா கட்ட வைத்தேன். முதல் வாரம் வகுப்பில் ஒரே ஆரவாரம், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம்தான் ஒன்றைக் கவனித்தேன். திரையில் முதல் மூன்று இடத்தில் எப்போதும் அதே மூன்று பெயர்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி, கேள்வி திரையில் முழுதாக வருவதற்குள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சீக்கிரம் அழுத்தினால் கூடுதல் புள்ளி என்று அந்தச் செயலி வைத்திருந்தது, யோசித்துப் பதில் சொல்லும் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை, அவள் அதைப் புரிந்துகொண்டு ஒதுங்கிவிட்டாள். எனக்கு அது புரிய மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. அதே கேள்விகளை ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்து, எழுதியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொன்னபோது யாருக்கு என்ன தெரியவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்தது. செயலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் கருவியைப் பார்த்தாலும், இதைப் பயன்படுத்தும்போது பிள்ளையின் மனசில் என்ன ஓடும், முடிந்ததும் எனக்கு அதிலிருந்து என்ன தெரியவரும் என்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

சரி, ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ விஷயத்துக்கு வருவோம். யார் ஆய்வு செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், எவ்வளவு நாள் கழித்து அளந்தார்கள் என்று நான்கையும் கேட்க வேண்டும், அதில் பலரும் விட்டுவிடுவது கடைசிக் கேள்வியைத்தான். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள், பிறகு ஒரு பிரிவினர் அதையே திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அப்படியே தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இதே ஆய்வை ஐந்தாவது நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் என்ன சொல்லி விற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாடம் முடிந்த கையோடு எடுத்த தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி விற்கிற எதையும் நான் அதனால்தான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, ஆசிரியர்கள் திருப்தி அடைந்தார்கள் என்பது நல்ல செய்திதான், ஆனால் கற்றார்களா என்பதற்கு அது பதில் ஆகாது.

சீக்கிரமாகக் கழித்துக்கட்ட இரண்டு அடையாளங்கள் சொல்கிறேன். படிப்பதில் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30 என்று அடுக்கிக்கொண்டே போகும் ஒரு முக்கோணப் படத்தைப் பயிற்சி முகாம்களில் பார்த்திருப்பீர்கள். எட்கர் டேல் என்பவர் 1946-இல் கற்றல் அனுபவங்களை ஒரு கூம்பு வடிவில் வரைந்தார், அதில் ஒரு சதவீதக் கணக்குகூடக் கிடையாது. அந்த எண்களை எல்லாம் பின்னால் யாரோ ஒட்டினார்கள், அவற்றுக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. இரண்டாவது, பிள்ளைகளைக் காட்சி வழி கற்பவர், செவி வழி கற்பவர், செயல் வழி கற்பவர் என்று பிரித்து அவரவர் பாணியில் பாடம் நடத்தச் சொல்வது. 2008-இல் நான்கு உளவியலாளர்கள் சேர்ந்து அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்து நடத்துவதை நியாயப்படுத்தப் போதுமான சான்று இல்லை என்று எழுதினார்கள். புத்தகமோ வகுப்போ இந்த இரண்டில் ஒன்றை உண்மை என்று சொன்னால் மூடி வைத்துவிடுங்கள். இதையே சரிபார்க்காதவர்கள் மற்றதை மட்டும் சரிபார்த்திருப்பார்களா?

பெயர்கள் கேட்டீர்களே. இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருக்கிறது. அவர்களுடைய தளத்தில் பின்னூட்டம், வீட்டுப்பாடம், சிறு குழுவாக நடத்துவது என்று ஒவ்வொரு முறைக்கும் என்ன செலவாகும், சான்று எவ்வளவு வலுவானது, சராசரியாக எத்தனை மாதக் கற்றல் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள், இலவசம்தான். அமெரிக்கக் கல்வித் துறை 2002-இல் தொடங்கிய வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் இதே மாதிரியான வேலையைச் செய்தது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், அங்கே இருப்பது பல பள்ளிகளின் சராசரி, உங்கள் வகுப்பின் 2/5 குவியலை அவர்கள் பார்த்ததில்லை. ஆகவே இவற்றைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் வடிகட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான வகுப்பறை நடைமுறைக்கு ஒன்றே ஒன்று போதும் என்றால், பராக் ரோசன்ஷைன் என்ற கல்வி உளவியலாளர் 2010-இல் எழுதிய சிறு கையேட்டைச் சொல்வேன். பத்தே கொள்கைகள். பாடத்தை ஆரம்பிக்கும்போது பழையதைக் கொஞ்சம் மீள்பார்ப்பது, புதியதைச் சின்னச் சின்னப் படியாகத் தருவது, நிறையக் கேள்வி கேட்டு எல்லாப் பிள்ளைகளின் பதிலையும் பார்ப்பது என்று போகும். ஒரு மாலையில் படித்துவிடலாம், அதுவும் இலவசம். உங்களைப் போன்ற அனுபவசாலிக்கு இதில் பாதி தெரிந்ததாக இருக்கும், அது நல்லதுதான், மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கணிதத்துக்குத் தனியாகத் தேடுங்கள். ஆசிரியர்களுக்கான வளங்கள் என்றாலே வகுப்பு மேலாண்மை, ஊக்கம் என்று பொதுவாகவே வாங்கிப் போடுகிறார்கள், பாடத்துக்கு உள்ளே பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்கிற வளம் குறைவு, ஆனால் அதுதான் உங்களுக்கு அதிகம் தேவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளத்தில் யோசிக்க வைக்கும் கணக்குகள் நிறைய இருக்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய பெட் (PhET) திட்டத்தில் பின்னத்துக்கென்றே திரையில் நகர்த்திப் பார்க்கும் செயல்பாடுகள் இருக்கின்றன. லாகின் கேட்காது, பிள்ளையின் பெயர் கேட்காது, இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் ஓட்டலாம். எண் கோட்டில் 1/2 எங்கே வருகிறது, 1/3 எங்கே வருகிறது என்று பிள்ளையே நகர்த்திப் பார்ப்பதற்குத் தொழில்நுட்பம் நன்றாகவே உதவும். இங்கே அது கணிதத்தையே காட்டுகிறது. வழக்கமான பயிற்சிக் கணக்குகளைப் புள்ளியும் பரிசும் சுற்றித் தருகிற செயலியிடம் இது கிடைக்காது.

பணம் கொடுத்து வாங்கும் செயலியில் நிதானம் தேவை. திரைப்படம் சில ஆண்டுகளில் பாடப்புத்தகத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும் என்று எடிசன் 1922-இல் நம்பினார், அப்பேர்ப்பட்டவரே அப்படி நம்பியிருக்கிறார். இப்போது வேகம் இன்னும் கூடிவிட்டது. கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொல்கிறது, ஒன்றை ஒழுங்காக ஆராய்ந்து முடிப்பதற்குள் அது வேறொன்றாகிவிடுகிறது. இதைவிட என்னைக் கலங்கடிப்பது பிள்ளைகளின் தகவல்தான். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022-இல் 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்ததில் 145, குழந்தைகளின் உரிமைக்கு ஆபத்து வரும் விதத்தில் தரவைக் கையாண்டதாகச் சொன்னது. அரசுகளே பரிந்துரைத்தவை அவை. ஆகவே பிறந்த தேதியும் புகைப்படமும் எதற்குக் கேட்கிறார்கள், சந்தா முடிந்தால் அந்தத் தகவல் எங்கே போகும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சார்பாக நீங்கள்தான் கேட்க வேண்டும், அவர்களால் கேட்க முடியாது.

ஆன்லைன் வகுப்புகள் பற்றிச் சுருக்கமாக: சான்றிதழுக்காக எடுத்தால் சான்றிதழ் கிடைக்கும். நடுவில் உங்கள் வகுப்பில் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பேசச் சொல்கிற வகுப்பா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் உங்கள் பள்ளியில் இன்னொரு வளம் சும்மா இருக்கிறது, அதற்குச் சந்தா கிடையாது. ஜப்பானில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று நடத்துகிறவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். தலைமை ஆசிரியரிடம் பணத்துக்குப் பதில் வாரம் ஒரு பீரியட் கேளுங்கள். அந்த ஒரு பீரியட்டில் இன்னொரு கணித ஆசிரியர் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பிள்ளையின் நோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால்கூடப் போதும். எல்லாப் பள்ளியிலும் பணத்தைவிட நேரத்தைத் தருவதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

பட்டியல் கேட்ட தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மேலே உங்கள் கேள்வி, அதன் கீழே அதற்காகத் தேர்ந்தெடுத்த இரண்டு வளங்கள், எத்தனை வாரம் செய்து பார்க்கப்போகிறீர்கள், எதை வைத்து முடிவு செய்வீர்கள். மற்ற ஆசிரியர்களிடமும் ஆளுக்கு ஒரு கேள்வி வாங்கிச் சேர்த்துவிடுங்கள். சந்தாப் பணத்தைத் தொட வேண்டாம், அடுத்த பருவம் வரை இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து அதே மாதிரியான ஒரு கணக்கை, 1/4 + 1/3 என்று வைத்துக்கொள்ளுங்கள், சொல்லாமல் கொள்ளாமல் சீட்டில் கேளுங்கள். 2/7 குவியல் எவ்வளவு உயரம் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.