விடுமுறையில் தலைகீழான தூக்கம்: 12 நாளில் சரிசெய்ய

13 வயது மகள் இரவு 2 மணிக்குத் தூங்கி மதியம் 12-க்கு எழுகிறாள், 14 நாளில் பள்ளி, காலை 6 மணிக்கு எழ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சரிசெய்துவிடலாம். ஆனால் இன்றே 'பத்து மணிக்குப் படு' என்று விளக்கை அணைக்காதீர்கள். தூக்கம் வராது, இருட்டில் புரண்டு புரண்டு படுத்தால் படுக்கை என்றாலே எரிச்சல் வந்துவிடும். 13 வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் உடலில் சுரக்கத் தொடங்குவதே தள்ளிப்போகிறது. முழுக்கச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

பிடிக்க வேண்டியது எழும் நேரத்தை. நாளை 11:30, மறுநாள் 11, இப்படித் தினம் அரை மணி குறைத்தால் 12-ஆம் நாள் 6 மணி. மீதி இரண்டு நாள் கையிருப்பு. எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்கி, அரை மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருக்கட்டும். உடல் கடிகாரத்தை நகர்த்துவது அந்த வெளிச்சம்தான். படுக்கும் நேரம் தானாகப் பின்னாலேயே வரும்.

கெடுப்பது பெரும்பாலும் பகல் தூக்கம். தாங்க முடியாவிட்டால் 3 மணிக்கு முன், 20 நிமிடம், அலாரத்தோடு. மதியத்துக்குப் பிறகு காபி, டீ, கோலா வேண்டாம். கைபேசி இரவில் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு வாரமாகப் பிடித்த விஷயங்களில்கூட நாட்டமில்லை, தோழிகளைத் தவிர்க்கிறாள், சாப்பாடு குறைந்திருக்கிறது என்றால் அட்டவணையோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.