லேபிள் வழி அனுப்புதல்: எம்.பி.எல்.எஸ். கேள்வி பதில்

கேள்வி: ஐ.பி. முகவரியைப் பார்த்தே ரவுட்டர் பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பிவிடுமே, எம்.பி.எல்.எஸ். முறையில் அதன் மேல் லேபிள் என்ற எண்ணை ஒட்டுவது எதற்கு? வேகத்துக்காகவா?

பதில்: தொடக்கத்தில் வேகமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வழிப்பட்டியலில் மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டை (முகவரியின் தொடக்கப் பகுதியை) தேடும் வேலையை வன்பொருளே செய்யத் தொடங்கியபின் அது வலுவிழந்துவிட்டது. இன்று இதன் சிறப்பு, பாக்கெட் எந்தப் பாதையில் செல்ல வேண்டும் என்பதை நுழைவு ரவுட்டர் ஒரே முறை தீர்மானிக்க, நடுவிலுள்ளவை மறுபடி ஆராயாமல் அதை நிறைவேற்றுவதுதான். அதனால் நடு ரவுட்டர்கள் பி.ஜி.பி. (வலையமைப்புகள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) வழிகளைச் சுமக்கவே தேவையில்லை. பெரிய வலையமைப்புகளில் இது எத்தனை பெரிய நிம்மதி என்பது அவற்றைப் பராமரிப்பவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: லேபிள் எண் ஒவ்வொரு ரவுட்டரிலும் மாறுகிறதே, குழப்பம் வராதா?

பதில்: வராது. லேபிள் எண்களைப் பகிரும் எல்.டி.பி. நெறிமுறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கு வேண்டிய எண்ணைத் தானே தேர்ந்தெடுத்து, 'இந்த இடத்துக்குச் செல்லும் பாக்கெட்டை இந்த எண்ணோடு என்னிடம் அனுப்பு' என்று அண்டை ரவுட்டரிடம் சொல்கிறது. அந்த எண்ணுக்கு அவ்விரு ரவுட்டர்களுக்கு இடையில் மட்டுமே பொருள் உண்டு. அ, ஆ, இ, ஈ என்று நான்கு ரவுட்டர்கள் வரிசையாக இருப்பதாகவும், சேருமிடம் ஈ-க்கு அப்பால் இருப்பதாகவும் கொள்வோம். இ, 24 என்ற எண்ணை ஆ-வுக்கும், ஆ, 31 என்ற எண்ணை அ-வுக்கும் அறிவித்திருந்தால், அ 31-ஐ ஒட்டி அனுப்பும், ஆ அதை 24 ஆக மாற்றும், இ லேபிளை நீக்கிவிட்டு ஈ-யிடம் கொடுக்கும். இறுதிக்கு முந்தைய ரவுட்டரே லேபிளை நீக்குவதால், ஈ லேபிளையும் முகவரியையும் இருமுறை தேட வேண்டியதில்லை. இதற்காகவே ஈ முன்கூட்டி, 'லேபிளை நீக்கிவிட்டு அனுப்பு' என்று பொருள்படும் 3 என்ற சிறப்பு எண்ணை இ-க்கு அறிவிக்கிறது.

கேள்வி: லேபிளின் அளவு என்ன?

பதில்: மொத்தம் 32 பிட்: எண்ணுக்கு 20, சேவைத் தரத்துக்கு 3, லேபிள்கள் அடுக்கப்படும்போது அடுக்கின் அடி இதுவே என்று காட்ட 1, ஆயுள் கணக்குக்கு (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்பதற்கு) 8.

கேள்வி: இரண்டு வாடிக்கையாளர்கள் 10.0.0.0 என்ற ஒரே முகவரித் தொகுதியைப் பயன்படுத்தினாலும் வி.பி.என். (ஒவ்வொருவருக்குமான தனி மெய்நிகர் வலையமைப்பு) எப்படிக் கலக்காமல் இயங்குகிறது?

பதில்: அங்கே இரண்டு லேபிள்கள் அடுக்கப்படுகின்றன. வெளி லேபிள் பாக்கெட்டை வெளியேறும் ரவுட்டர் வரை கொண்டுசேர்க்கிறது, பி.ஜி.பி. வழியாக அறிவிக்கப்பட்ட உள் லேபிள், அது எந்த வாடிக்கையாளரின் வழிப்பட்டியலுக்கு உரியது என்பதை அந்த ரவுட்டருக்குச் சொல்கிறது. நடு ரவுட்டர்கள் உள் லேபிளைப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: எல்லை ரவுட்டர்களுக்கு இடையே பிங் (சோதனைப் பாக்கெட்) சரியாகச் செல்கிறது, ஆனால் வி.பி.என். போக்குவரத்து நின்றுவிட்டது. எங்கே தேடுவது?

பதில்: நானும் இதில் ஓர் இரவு முழுவதும் திணறியிருக்கிறேன். இடையிலுள்ள ஓர் இணைப்பில் எல்.டி.பி. அமர்வு அறுந்திருக்க, வலையமைப்புக்குள் பாதையைத் தேர்ந்தெடுக்கும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறை அதே இணைப்பைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது வெறும் ஐ.பி. பாக்கெட் கடந்துவிடும், ஆனால் வி.பி.என். பாக்கெட்டின் வெளி லேபிள் அங்கே இல்லாமற்போய், பொருள் தெரியாத உள் லேபிளோடு அது ஒரு நடு ரவுட்டரிடம் சிக்கிக் கைவிடப்படும். சாதாரண பிங்கை நம்பாமல் லேபிள் பாதையையே சோதிக்கும் எல்.எஸ்.பி. பிங்கைப் பயன்படுத்துங்கள், எல்.டி.பி. தயாராகும்வரை அந்த இணைப்பை ஓ.எஸ்.பி.எஃப். தவிர்க்கும்படி இரண்டையும் ஒத்திசைத்துவையுங்கள். சிறிய பாக்கெட்டுகள் சென்று பெரியவை மட்டும் தொலைந்தால் எம்.டி.யு. (ஓர் இணைப்பு ஏற்கும் மிகப்பெரிய பாக்கெட்) அளவைப் பாருங்கள்: இரண்டு லேபிள்கள் 8 பைட் கூட்டுவதால், 1500 பைட் பாக்கெட்டுக்கு 1508 பைட் இடம் வழிநெடுக இருக்க வேண்டும்.