பளிச்சென்று தெரிந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

டர்பனில் எம்.எஸ்சி. ஆய்வு செய்கிறேன். ஈஸ்ட் செல்லில் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று அறிய, அதோடு பச்சையாய் ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை ஒட்டிப் பார்க்கிறேன். ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம் பிஆர்எஸ்426 பிளாஸ்மிட், ஜீனை இயக்கும் விசை கால்1 ப்ரமோட்டர். கேலக்டோஸ் கொடுத்ததும் பெரிய பொட்டுகள் பளிச்சென்று தெரிகின்றன. மேடம் பிஆர்எஸ்316-க்கு மாறச் சொல்கிறார். மங்கிவிடுமோ? பிளாஸ்மிடுக்கு நல்ல தமிழ்ச்சொல் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

பிளாஸ்மிட் என்றே எழுது. சாட்ஸ்வொர்த்தில் என் ஆயாவும் ஈஸ்ட் என்றுதான் சொன்னாள், ரொட்டி உப்பாமல் போகவில்லை.

அந்தப் 'பளிச்சென்று'தான் என்னைச் சீண்டிவிட்டது. நானும் அப்படி மயங்கியவன். அதே 426, அதே கால்1. எட்டு மாதம் அந்தப் பொட்டுகளின் பின்னால் அலைந்தேன். படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். அப்பா டோங்காட் பக்கம் கரும்பாலையில் பாகு காய்ச்சியவர். குளுக்கோஸ் இருந்தால் ஜீன் மூடிக்கொள்ளும், கேலக்டோஸ் கொடுத்தால் திறக்கும் என்று அவருக்குப் பெருமையாக விளக்கினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன்டா, இது முன்னயே அங்க இருந்துச்சா, நீ சர்க்கரைய மாத்துனதால வந்துச்சா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கேள்வி சரி. 426-இல் இருப்பது டூ மைக்ரான் ஆரிஜின், அதாவது பிளாஸ்மிட் தன்னைப் பிரதியெடுக்கத் தொடங்கும் இடம். ஒரு செல்லில் பத்து இருபது என்று பிரதிகள் சேரும். கால்1-ஓ ஈஸ்ட்டின் மிக வலுவான ப்ரமோட்டர்களில் ஒன்று. புரதம் வெள்ளமாய் வந்தால் உட்கார இடமில்லாமல் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். அந்தக் கட்டியைப் படமெடுத்து 'இங்கேதான் இருக்கிறது' என்று எழுதுவாயா?

316-இல், செல் பிரியும்போது டிஎன்ஏவைப் பங்கிட்டுத் தரும் சென்ட்ரோமியர் உண்டு, ஒன்றிரண்டு பிரதிதான். ஆனால் அதற்கு மாறிவிட்டு கால்1-ஐ அப்படியே விட்டால் என்ன பயன்? குழாயை மாற்றினாய், திருகை மூடவில்லை. ஜீனின் சொந்த ப்ரமோட்டரைப் போடு. அதைவிட, குரோமோசோமிலேயே ஒட்டிவிடு. பிஎஃப்ஏ6ஏ வகைப் பிளாஸ்மிடிலிருந்து ஜிஎஃப்பியையும், ஒட்டிய செல்லைப் பிரித்தறிய உதவும் மார்க்கரையும் பிசிஆரில் பிரதியெடு. அந்தப் பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்களின் நுனியில் உன் ஜீனின் 40 எழுத்துகள் இருந்தால், புரதம் முடியும் இடமான ஸ்டாப் கோடானுக்கு முன்னால் ஈஸ்ட் தானே தைத்துக்கொள்ளும். 2003-இல் வெளியான ஆய்வில் 4,156 புரதங்களை இப்படித்தான், அததன் சொந்த இடத்திலேயே ஒளிரவைத்துப் பார்த்தார்கள். நீ ஒரே ஒரு புரதத்துக்குச் சோம்பல் படுகிறாய்!

மங்கும், மங்கட்டும். முதலில் ஒய்பிடி என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்த செல்லை அப்படியே ஸ்லைடில் வைக்காதே, அந்த ஊடகமே ஒளிரும். உன் ஈஸ்ட் ஸ்ட்ரெயின், அடினைன் தயாரிக்க வேண்டிய ஏடிஇ2 ஜீன் பழுதானதா? அப்படியென்றால் அடினைன் தாராளமாகப் போடு, இல்லாவிட்டால் செந்நிறமி சேர்ந்து அதுவும் ஒளிரும்.

நான் கடைசியில் அப்படி ஒட்டிப் பார்த்தபோது பொட்டு ஒன்றுகூட இல்லை. தாய்ச் செல்லுக்கும் மொட்டுக்கும் நடுவே, கழுத்தில், நூல்போல ஒரு வளையம். ஐந்து நிமிடம் இருட்டில் கண் பழகிய பிறகுதான் தெரிந்தது. அதையும் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுல ஒண்ணுமே தெரியலையேடா" என்றார்.