ஸ்கேன் சொல்லும் ஆறு வாரமும் கருவின் உண்மை வயதும்: கேள்வி பதில்

கல்யாணமாகி முப்பது நாள்தான் ஆகுது மேடம். ஸ்கேன்ல ஆறு வாரம்னு போட்டிருக்கு. மாமியார் ஒரு மாதிரி பார்க்கிறாங்க.

ஸ்கேனும் சரி, நீங்களும் சரி. கர்ப்பத்தின் வாரக்கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளில் தொடங்குகிறது. 28 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்கு முட்டை வெளிவருவது 14ஆம் நாள் வாக்கில். ஆக, ரிப்போர்ட்டில் ஆறு வாரம் என்றால் கருவின் வயது நாலு வாரம்தான். பிரசவத் தேதிக்குச் சேர்க்கும் 280 நாளும் இதே கணக்குதான். மாமியாரிடம் இதையே காட்டுங்கள்.

எனக்கு 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். 45ஆம் நாள் ஸ்கேன்ல துடிப்பு இல்லன்னாங்க. கலைச்சிடணுமா?

அவசரப்படாதீர்கள். முட்டை வெளிவந்து சுமார் 14 நாளில்தான் அடுத்த மாதவிடாய் வரும். உங்களுக்கு அது 26ஆம் நாளை ஒட்டி வெளிவந்திருக்கும். அப்படியானால் ஸ்கேன் அன்று கருவுக்கு வயது 19 நாள். இதயம் துடிக்கத் தொடங்குவதே 22ஆம் நாள் வாக்கில்! இரண்டு வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுங்கள். அதற்குள் ஒரு பக்கமாக அடிவயிறு வலித்தாலோ, இரத்தம் பட்டாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம்.

ஃபோலிக் ஆசிட் எப்ப ஆரம்பிக்கணும்?

குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே. தினம் 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியும்வரை. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல் கருவின் 28ஆம் நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே அதில் பாதி ஓடியிருக்கும். முந்தைய குழந்தைக்கு முதுகில் திறப்பு இருந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை மருத்துவர்தான் எழுதித் தரவேண்டும்.

கரு முதல்ல மீன் மாதிரி செவுளோட இருந்து அப்புறம்தான் மனுஷனா மாறும்னு டியூஷன்ல சொன்னாங்களாம். நிஜமா சார்?

இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் பரப்பிய கருத்தின் மிச்சம் இது. நம் கரு எந்த நிலையிலும் மீனாக இருப்பதில்லை. கழுத்துப் பகுதியில் தொண்டை வளைவுகள் தோன்றுவது மட்டும் உண்மை. மீனில் அவற்றில் சில செவுளாகும்; நமக்கு முதல் வளைவிலிருந்து கீழ்த்தாடையும், நடுக்காதின் சுத்தி, பட்டடை எலும்புகளும், இரண்டாவதிலிருந்து அங்கவடி எலும்பும் வருகின்றன. ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருக்கும் எலும்புகளே நம் சுத்தியும் பட்டடையும். அந்த இடமாற்றம் படிப்படியாக நடந்ததைப் புதைபடிவங்களில் பார்க்கலாம். வாலும் உண்டு, எட்டாவது வாரத்துக்குள் சுருங்கி மறைந்துவிடும், அடியில் வால் எலும்பு மிஞ்சும்.

அந்தப் பழைய அமைப்பால நமக்கு ஏதும் தொந்தரவு உண்டா?

உண்டு. குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு கழுத்திலேயே நின்றிருக்கலாம். ஆனால் அது நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. கருவில் இதயம் கழுத்தருகே உருவாகிக் கீழே இறங்கும்போது, ஆறாவது வளைவின் தமனிக்குக் கீழே மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபடுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே சுற்றுவழிதான், பல மீட்டர் நீளத்துக்கு! இதனால்தான் இடது நுரையீரலில் கட்டி வந்தால் தொண்டையில் ஒன்றுமில்லாமலே குரல் கம்மிப்போகலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் சரியாகவில்லை என்றால் தொண்டையோடு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துப் பாருங்கள்.