எம்.ஆர்.ஐ. படத்தில் கோடு விழுந்தால் கம்ப்யூட்டரிலேயே அழித்துவிட முடியாதா? எதற்கு மறுபடி படுக்கச் சொல்கிறார்கள்?

உங்களையோ வீட்டில் யாரையோ இரண்டாம் தடவை குழாய்க்குள் அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரும் ஆள், 11 வருடமாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்.

கோட்டை அழிக்கலாம். அதற்கு அடியில் என்ன இருந்தது என்பது கம்ப்யூட்டருக்கும் தெரியாது. போட்டோ மாதிரி ஒரே நொடியில் விழுகிற படமில்லை இது. நிமிடக்கணக்கில் சிக்னல் சேர்ந்து வருவது. நடுவில் எச்சில் விழுங்கினால் அது நிழல் நிழலாகப் படம் முழுக்க ஓடும். அதனால் கழுத்து ஸ்கேனில் தொண்டைப் பகுதியின் சிக்னலை மட்டும் அடக்கிவைக்கிற சாச்சுரேஷன் பேண்ட் போடுவோம். உடம்புக்குள் உலோகம் இருந்தால், அதனால் படம் அவ்வளவாகக் கெடாத ஸ்பின் எக்கோ என்ற முறைக்கு மாறி, சிக்னலை வாங்கும் அலைவரிசையின் அகலத்தை (பேண்ட்விட்த்) ஏற்றுவோம். எல்லாம் எடுக்கும்போதே செய்ய வேண்டியவை. ஏஐ இருக்கிறதே என்று யாராவது கிளம்புவார்கள். எங்கள் மெஷினிலும் இருக்கிறது, இரைச்சலை நன்றாகவே குறைக்கிறது. பதிவாகாத சிக்னலுக்கு அது எங்கே போகும்?

ஒரு ராத்திரி கழுத்துவலியோடு ஒரு டெய்லர் வந்தார். படத்தில் மேலிருந்து கீழாக, தண்டுவடத்தின் மேலேயே, புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு. "அசையாம படுங்கய்யா" என்று அதட்டிவிட்டு மறுபடி எடுத்தேன். அதே கோடு. "மூச்சுகூட மெதுவாத்தான் விட்டேன் சார்" என்றார். நான் நம்பவில்லை.

அந்தக் கோட்டுக்குப் பெயரே ஜிப்பர். வெளியிலிருந்து ரேடியோ அலை உள்ளே கசிந்தால் வருவது. படித்தவன்தானே, தெரியாதா என்பீர்கள். பதினொன்றரை மணி, வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள், மூளை ஓடவில்லை.

அப்புறம்தான் அவரை இறக்கிவிட்டு, சோதனைக்கு வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலை வைத்து எடுத்தேன். பாட்டில் எச்சில் விழுங்காது. கோடு அதே இடத்தில் இருந்தது.

எங்கள் 1.5 டெஸ்லா (காந்தத்தின் பலம்) மெஷின் உடம்பின் சிக்னலைக் கேட்பது சுமார் 64 மெகாஹெர்ட்ஸில், அதுவும் ரேடியோ அலைதான். வெளி அலை உள்ளே வராமல் இருக்க, அந்த அறையே செம்புத் தகடு அடித்த பெட்டி. கதவோரத்தில் சீப்புப் பல் மாதிரி உலோக விரல்கள் இருக்கும், அவை சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பெட்டி மூடியதாகக் கணக்கு. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு அதன் மேல் வெள்ளை பிளாஸ்டர். கூட்டிப் பெருக்கும் அக்கா ஒட்டியது. "புடவை மாட்டிக் கிழியுது தம்பி." பிய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி பாட்டிலை எடுத்தேன். கோடு போய்விட்டது.

இதையெல்லாம் செய்கிறவனுக்குப் பெயர் "எக்ஸ்ரே தம்பி". எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரேயே கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்திலும் "பட்டன் அமுக்குற வேலையா?" என்றுதான் கேட்டார்கள். நைட் அலவன்ஸ் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது, விடுங்கள்.

மூன்றாம் தடவை டெய்லர் மூச்சை அடக்கிக்கொண்டே படுத்தார். மைக்கில் "நல்லா மூச்சு விடலாங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். பிளாஸ்டர் கதையை அவரிடம் சொல்லவில்லை.